நாலு மணிக்குப் பிறக்கும் நாள்

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கில் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை. சூரியன் உதிக்கும்போதும் பிறப்பதில்லை. அதிகாலை நாலு மணிக்குப் பிறக்கிறது. மக்கள் தங்கள் இருபத்துநாலு மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அறிய அந்த அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. வீட்டுக்கு வரும் களப்பணியாளர் நேற்று அதிகாலை நாலு மணி முதல் இன்று அதிகாலை நாலு மணி வரை நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்வார். வேறு பல நாடுகளிலும் இதுதான் வழக்கம். அந்நேரத்தில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தூக்கத்தின் நடுவில் கோடு கிழித்தால் யாருடைய வேலையும் இரண்டாக அறுபடாது என்பது கணக்கு.

திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைப் பக்கம் அறுபடும். மல்லிகை மொட்டு மாலையில் அவிழ்கிறது. அவிழ்ந்துவிட்டால் மணத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும், பிறகு அதைத் தொடுத்து யாருக்கு விற்பது? மொட்டு முற்றியிருக்க வேண்டும், விரிந்திருக்கக் கூடாது. வெயில் ஏறுமுன் பறித்து, காலைச் சந்தையில் தராசில் ஏற்றிவிட வேண்டும். அதனால் நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு தோட்டத்தில் இறங்குகிறார்கள். செடிக்குள் ஓடும் உயிர்க்கடிகாரம் மாலையில் மொட்டை அவிழ்க்கிறது. அதே கடிகாரம்தான் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே ஒரு பெண்ணைப் பாயிலிருந்து எழுப்பி விடுகிறது. வேடசந்தூர், வடமதுரை வட்டாரத்து நூற்பாலைகளிலோ நாலு மணி என்பது ‘ஃபுல் நைட்’ ஷிப்டின் உச்சம். சைடர் பெண் அறுந்த இழைகளை ஒட்டியபடி மெஷினின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டிருப்பாள்.

மக்களின் வேலை நேரமும் ஓய்வு நேரமும் எப்படி மாறுகின்றன என்ற கேள்வியை எடுத்தால், முதலில் கைக்கு வருவது மொத்தக் கணக்கு: வேலை இத்தனை நிமிடம் கூடியது, ஓய்வு இத்தனை நிமிடம் குறைந்தது. அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் திண்டுக்கல் சமவெளியில் கடந்த நூறு ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம் அந்த மொத்தத்தில் பிடிபடாது. ஒருவருடைய நாளை நறுக்கும் கத்தி யார் கையில் இருக்கிறது என்பதுதான் மாறியது. பூ, மாடு, சூரியன், ரயில், சங்கு, கரண்ட், குழாய், டவுன் பஸ், கைப்பேசி என்று அந்தக் கத்தி கை மாறி வந்திருக்கிறது.

நேரத்தை எண்ணும் கலை பழையது அல்ல. ரஷ்யப் புரட்சிக்குப் பின் 1920களில் ஸ்ட்ருமிலின் என்ற பொருளாதார அறிஞர் தொழிலாளர் குடும்பங்களின் நாளைக் கணக்கெடுத்தார். 1960களின் நடுவில் ஹங்கேரியச் சமூகவியலர் அலெக்சாண்டர் சலாய் பன்னிரண்டு நாடுகளில் ஒரே படிவத்தை வைத்து அளந்தார். இந்தியாவில் 1976–77ல் தேவகி ஜெயினும் மாலினி சந்தும் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் நடத்திய ஆய்வு முக்கியமான தொடக்கம். ‘வேலை செய்யாதவர்கள்’ என்று அரசுப் பதிவுகளில் இருந்த பெண்கள் விடிந்தது முதல் அடங்குவது வரை ஓயாமல் உழைப்பதை அது எண்ணிக் காட்டியது. 1998–99ல் அரசே ஆறு மாநிலங்களில் முன்னோட்டக் கணக்கெடுப்பு நடத்தியபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. ஆறு மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 35 மணி நேரம் கொடுக்க, ஆண்கள் கொடுத்தது 4 மணி நேரத்துக்கும் குறைவு. நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பு 2019ல் ஒருமுறையும் 2024ல் ஒருமுறையும் நடந்திருக்கிறது.

அந்த 1998–99 முன்னோட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. நாட்களை அது மூன்று வகையாகப் பிரித்தது: வழக்கமான நாள், வாரத்தில் ஒருமுறை மாறும் நாள், வழக்கத்துக்கு மாறான நாள். சந்தை கூடும் ஊர்களில் சந்தைக் கிழமை இரண்டாம் வகையில் விழும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள், நத்தம் சாலையிலும் திண்டுக்கல் சாலையிலும் நாள் கணக்கில் நடப்பது மூன்றாம் வகை. ஆண்டில் பெரும்பகுதி சிறு சிறு துண்டாகக் கிடைத்த ஓய்வைத் திருவிழாவில் மொத்தமாக எடுத்துக்கொள்வது இந்த ஊர்களின் பழைய ஏற்பாடு. மாசி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவின்போது திண்டுக்கல்லில் ஒருவரைப் பிடித்து ‘நேற்று என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் வரும் பதிலை வைத்து ஆண்டு முழுவதையும் கணிக்க முடியாது.

இனிக் கத்தி கைமாறிய கதைக்கு வருவோம்.

மோட்டார் வருவதற்கு முன் இந்தச் சமவெளியின் பாசனம் பெரிதும் கிணற்றை நம்பியது. கமலை கட்டி இறைப்பவருக்கு வேலை விடியுமுன் தொடங்கும். நண்பகலில் நிற்கும். நிற்பதற்குக் காரணம் மனிதனின் களைப்பு மட்டும் அல்ல, மாடு வெயிலில் இழுக்காது. மாட்டுக்கு நிழல் தேவைப்பட்டதால் ஆளுக்கும் நிழல் கிடைத்தது. அது சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கூலிக்குப் போனவர்களுக்கு, குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு, நாளை நறுக்கிய கை பண்ணைக்காரருடையது. அங்கே மணிக்கணக்கு என்ற பேச்சே கிடையாது.

1875ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை திண்டுக்கல் வழியாக வந்தது. அதோடு நிமிடமும் வந்தது. அக்காலத்தில் ரயில்கள் ஓடியது சென்னை வான்நோக்கு நிலையம் கணித்த ‘மெட்ராஸ் நேர’த்தில். 1906ல் இந்தியச் சீர்நேரம் வந்தபோது கடிகாரங்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளப்பட்டன. ரயிலடியில் சுமை தூக்கியவருக்கும் வண்டிக்காரருக்கும் அன்றி மற்றவர்களுக்கு அந்த ஒன்பது நிமிடம் பொருட்டாக இருந்திருக்காது. நாகல் நகரில் தறி நெய்த சௌராஷ்டிரர்களும், சின்னாளப்பட்டி நெசவாளர்களும், பின்னாளில் பூட்டுப் பட்டறைக்காரர்களும் வேலை செய்தது துண்டுக் கூலிக்கு. சேலைக்கு இவ்வளவு, பூட்டுக்கு இவ்வளவு. எப்போது தொடங்குவது, எப்போது டீ குடிக்க எழுவது என்பது அவரவர் பாடு. நெசவாளர் பாவு ஓடுகிற நாளில் இரவு வரை உட்காருவார், துக்க வீடு என்றால் எழுந்து போய்விடுவார். ஆனால் தார் சுற்றியது யார்? வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். அந்த நேரத்துக்குத் தனிக் கூலி கிடையாது. சுதந்திரமான நேரம் என்று நாம் சொல்லும்போதெல்லாம், அது வீட்டுக்குள் யாருக்குச் சுதந்திரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் பட்டறைகள் அருகிப்போய், அவற்றின் அடுத்த தலைமுறை வேறு வேலைகளுக்குப் போயிருந்தது. வேடசந்தூர், வடமதுரை, நத்தம், நிலக்கோட்டை என்று எங்கும் பஞ்சாலைகள். நூற்பு எந்திரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் முதலாளிக்கு நஷ்டம். ஆகவே நாள் மூன்று ஷிப்டாக வெட்டப்பட்டது: பகல், அரை நைட், ஃபுல் நைட். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மில் வண்டி கிராமம் கிராமமாகப் போய் ஆள் ஏற்றிவரும். எட்டு மணி நேர வேலைக்குப் போய் வர ஒன்பதரை, பத்து மணி நேரம் ஆவது சாதாரணம். (பயண நேரத்தையும் கணக்கெடுப்பு வேலை சார்ந்த நேரமாகவே சேர்க்கிறது. சம்பளப் பட்டியல் சேர்ப்பதில்லை.)

எட்டு மணி நேரம் என்பதும் தானாக வந்ததல்ல. 1911ன் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலையில் ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 1922ல் 11, 1934ல் 10, 1948ல் 9 மணி, வாரத்துக்கு 48. 1918ல் சென்னையில் பக்கிங்காம் கர்னாடிக் மில் தொழிலாளர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோருடன் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களுடைய மனக்குறைகளில் ஒன்று, மதிய இடைவேளையில் சாப்பிட நேரம் போதவில்லை என்பது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வாரத்துக்கு 48 மணி மாறாது, நாலு நாள் வேலை மூன்று நாள் விடுமுறை என்றுதான் அதை விளக்கினார்கள். மொத்தம் மாறாவிட்டாலும் நறுக்கும் விதம் மாறினால் வாழ்க்கை மாறும் என்பதை எதிர்த்தவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்: பன்னிரண்டு மணி நேர வேலையும் இரண்டு மணி நேரப் பயணமும் போனால் அன்றைக்குச் சமையல் எப்போது, பிள்ளை முகம் பார்ப்பது எப்போது?

பெண்களின் இரவு வேலைக்கு வேறொரு வரலாறு. 1948 சட்டம் இரவில் பெண்களை ஆலையில் வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. பெண் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், அந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது; பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. உரிமை என்ற வகையில் அது சரியான தீர்ப்பு. ஆனால் சமவெளியின் பல ஊர்களில் ‘சுமங்கலித் திட்டம்’ போன்ற ஏற்பாடுகளில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த இளம்பெண்களுக்கு, வேலைக்கு வெளியே இருந்த பதினாறு மணி நேரமும் கூட வார்டனின் கையில் இருந்தது. வெளியே போகவும் வீட்டோடு பேசவும் கட்டுப்பாடு. மூன்றாண்டு முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. ஒருவரின் நேரத்தை மணிக்கணக்கில் அன்றி ஆண்டுக்கணக்கில் வாங்கும் ஒப்பந்தம் அது.

உடம்பு இந்த நறுக்கலை எப்படி எடுத்துக்கொள்கிறது? மூளையின் அடிப்பகுதியில் அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு நரம்பணுத் தொகுதி, கண் வழியே வரும் வெளிச்சத்தை வைத்து உடலின் நாள்சுழற்சியை ஓட்டுகிறது. ஷிப்ட் மாறினால் அது ஒரே இரவில் மாறிவிடாது. சரிக்கட்டப் பல நாளாகும். சரிக்கட்டி முடிப்பதற்குள் வாரம் முடிந்து அடுத்த ஷிப்ட் வந்துவிடும். நாள்சுழற்சியைக் குலைக்கும் இரவு வேலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் ஒன்று என 2007ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது, 2019ல் அதையே மீண்டும் உறுதிப்படுத்தியது. ஃபுல் நைட் முடித்து வருகிற பெண் பகலில் தூங்கப் போகிற வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த ஒற்றை அறையாக இருந்தால், வெளிச்சமும் சூடும் சத்தமும் சேர்ந்து அவளுடைய கடிகாரத்துக்குப் பகல் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

தூக்கம் பற்றி நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. பொருளாதார அறிஞர்கள் சிலர் சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குக் கணினியில் தரவு பதியும் வேலை கொடுத்து, மணிக்கட்டில் தூக்கத்தை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். கட்டுரை 2021ல் வெளியானது. படுக்கையில் அவர்கள் கழித்தது சராசரி எட்டு மணி நேரம். உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். சூடு, கொசு, சத்தம், கவலை எல்லாம் சேர்ந்து தூக்கத்தைக் கிழித்திருந்தன. ஒரு பிரிவினருக்கு மெத்தை, மின்விசிறி, காதடைப்பான், கண்மூடி போன்றவற்றைக் கொடுத்ததில் இரவுத் தூக்கம் சராசரி 27 நிமிடம் கூடியது. வேலைத் திறனோ கவனமோ கூடவில்லை. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. இன்னொரு பிரிவினருக்கு வேலையிடத்திலேயே பிற்பகலில் அரைமணி நேரம் படுக்க இடம் கொடுத்தார்கள். இவர்களுக்குத் திறனும் மனநிலையும் கவனமும் மேம்பட்டன. தூங்கிய நேரம் மட்டும் வேலை நேரத்தில் குறைந்தது. கிழிந்த தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் கிழிந்த தூக்கத்தைச் சேர்ப்பதைவிட, இடையூறில்லாத சிறு தூக்கம் மேலானது என்று இதை வாசிக்கலாம். கமலை மாட்டின் புண்ணியத்தில் கிடைத்துவந்த மதியத் தூக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து ஒழித்தோம். ஆலைகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் துணிவு எந்த நிர்வாகத்துக்காவது வருமா என்று தெரியவில்லை. கணக்கு என்னவோ சாதகமாகத்தான் இருக்கிறது.

இப்போது வீட்டுக்குள் போகலாம். இந்தக் கதையின் கனமான பகுதி அடுப்பங்கரையில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நேரத்தை மிச்சப்படுத்தும் அரசுத் திட்டங்களுக்கு ஒரு பிறந்தநாள் உண்டு: செப்டம்பர் 15, அண்ணா பிறந்த தினம். 2006ல் அன்றுதான் இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011ல் அன்றுதான் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. 2022ல் அன்று பள்ளிக் காலை உணவு, 2023ல் அன்று மகளிர் உரிமைத் தொகை. (திண்டுக்கல் மாவட்டமே மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பர் 15ல்தான்.) இவற்றில் நேர ஆய்வாளர் கண்ணுக்கு மிகச் சுவையானது கிரைண்டர். ஆட்டுக்கல்லில் ஒரு குடும்பத்துக்கு மாவாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் தோள் வலிக்கச் சுற்ற வேண்டும். கிரைண்டர் வந்ததும் அந்தத் தோள் வலி போனது உண்மை. மிச்சமான நேரம் எங்கே போனது?

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983ல் எழுதிய நூலில் இதே கேள்வியைத் தம் நாட்டை வைத்துக் கேட்டார். சலவை எந்திரமும் எரிவாயு அடுப்பும் வந்த பிறகும் அமெரிக்க இல்லத்தரசியின் வேலை நேரம் ஏன் பெரிதாகக் குறையவில்லை? அவர் கண்டது: எந்திரம் வந்ததும் எதிர்பார்ப்பு உயர்ந்தது, அதுவரை அந்த வேலையில் பங்கெடுத்த மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். இதைத் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துக் கிழவி ஒருத்தியிடம் சொன்னால் சிரிப்பாள், அவளுக்குத் தெரியாததா? அவள் காலத்தில் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுட்ட பலகாரம். மற்ற நாளெல்லாம் கம்பங்கூழ், சோளச்சோறு, முதல்நாள் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு. காலையில் அடுப்பே பற்ற வைக்காத வீடுகள் நிறைய. கிரைண்டர் வந்ததும் தோசை தினசரி ஆனது. தோசைக்குச் சட்னி, பிள்ளைக்கு ஒன்று பெரியவருக்கு ஒன்று என்று இரண்டு சட்னி, ஆளாளுக்கு எழுந்து வரும் நேரத்துக்குச் சூடாகச் சுட்டுப் போடுவது, பிறகு பள்ளி வேன் வருமுன் டிபன் பாக்ஸ். ஒரு மணி நேர மாவாட்டல் போய், ஒன்றரை மணி நேரக் காலைப் பரபரப்பு வந்தது. அடுத்த கட்டமாகக் கடை மாவுப் பாக்கெட் வந்திருக்கிறது; பல தெருக்களில் அந்த மாவை ஆட்டி விற்பவரும் ஒரு பெண்தான்.

எண்களைப் பாருங்கள். 2019ல் சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். 2024ல் 289 நிமிடம். ஐந்தாண்டில் பத்து நிமிடம். ஆண்களுக்கு 97லிருந்து 88 ஆனது. இரண்டும் நாட்டுச் சராசரி. ‘ஆண்களும் ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே’ என்று மகிழ்வதற்கு முன் ஒரு விஷயம். இது அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் சராசரி மட்டும். 2019ல் அப்படி ஈடுபட்ட ஆண்கள் 26.1 சதவீதம்; பெண்கள் 81.2 சதவீதம். ஒன்றுமே செய்யாதவர்களையும் சேர்த்து வகுத்தால் ஆணின் பங்கு நாளுக்குச் சுமார் 25 நிமிடமாகச் சுருங்கும், பெண்ணின் பங்கு சுமார் 243 நிமிடமாக நிற்கும். செய்தித்தாளில் ‘சராசரி’ என்று எதைப் பார்த்தாலும், யாரை வைத்து வகுத்தார்கள் என்று கேளுங்கள்.

இந்த உழைப்புக்கு அங்கீகாரம் என்ற பேச்சோடுதான் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வந்தது. நாளுக்கு 289 நிமிடம் என்றால் மாதத்துக்குச் சுமார் 145 மணி நேரம். மணிக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. அது கூலி என்று அரசு சொல்லவில்லை, நானும் கூலியாகக் கருதவில்லை. வங்கிக் கணக்கில் விழும் குறுஞ்செய்தியில், வீட்டில் செலவாகும் நேரம் முதல்முறையாக ஓர் எண்ணாகத் தெரிகிறது என்பதே அதன் மதிப்பு.

வீட்டின் நேரத்தை வெளியிலிருந்து நறுக்குபவை வேறு. திண்டுக்கல் நகரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆத்தூர் காமராஜர் அணை வற்றிய கோடைகளில் பத்து நாளுக்கு மேல் குழாயில் காற்றுதான் வரும். என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்பது தெரியாததால், வரும் தண்ணீரைப் பிடிக்கும் நேரத்தைவிட வராத தண்ணீருக்காக வீட்டை விட்டு நகராமல் இருக்கும் நேரம் அதிகம். கணக்கெடுப்பில் தண்ணீர் கொண்டுவருவதற்குக் குறியீடு உண்டு. குடத்தோடு காத்திருந்தவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தால்? படிவத்தில் அது ‘அளவளாவல்’ ஆகிவிடக்கூடும். தோட்டத்தில் மும்முனை மின்சாரம் இரவில் வரும் முறை என்றால் விவசாயி பாதித் தூக்கத்தில் எழுந்து மடை மாற்றப் போவார். பெண்களுக்கு டவுன் பஸ் கட்டணமில்லை என்று 2021 மே மாதம் ஆனபிறகு, ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு அந்த பஸ்ஸுக்காக அரைமணி நேரம் நிற்பது பலருக்கு லாபம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1965ல் எழுதிய கோட்பாடு இதுதான்: எதை வாங்கினாலும் அதற்குக் காசு ஒரு விலை, நேரம் இன்னொரு விலை. காசு இல்லாதவர் நேரத்தில் கட்டுகிறார். நூறு நாள் வேலையின் முதல் கட்டத்தில், 2006 பிப்ரவரியில், தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களில் ஒன்றாகத் திண்டுக்கல் இருந்தது. பெண்கள் அதற்குத் திரண்டு போனதற்குக் கூலி ஒரு காரணம் என்றால், ஊருக்குப் பக்கத்திலேயே வேலை, சமைத்து வைத்துவிட்டுப் போகலாம் என்பது இன்னொன்று. 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும் என்றானது. ஆலைச் சங்கு இப்போது கைப்பேசிக்குள் இருக்கிறது.

ஓய்வுக்கு வருவோம். எண்பதுகளில் இந்தச் சமவெளியின் ஆன்டெனாக்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நின்றன: கொடைக்கானல் மலை. அங்கிருந்த ஒளிபரப்புக் கோபுரம்தான் தென்மாவட்டங்களுக்குத் தூர்தர்ஷனைக் கொடுத்தது. தெருவில் ஒரு வீட்டில் டிவி, வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் தெருவே அங்கே கூடும். 1993ல் சன் டிவி வந்தது. 2006க்குப் பின் வீட்டுக்கு வீடு டிவி. 2016க்குப் பின் ஆளுக்கு ஆள் கைப்பேசி. இந்த வரிசையில் ஓய்வு நேரம் கூடியது. ஊடகம், விளையாட்டு, பொழுதுபோக்குக்கு மக்கள் செலவிடும் பங்கு 2019ல் நாளில் 9.9 சதவீதம், 2024ல் 11 சதவீதம். அதில் ஈடுபட்ட ஆண்கள் நாளுக்கு 177 நிமிடம், பெண்கள் 164 நிமிடம்.

பதின்மூன்று நிமிட வித்தியாசம். இதைப் பார்த்தால் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக ஓய்வெடுப்பதாகத் தோன்றும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மைக்கேல் பிட்மனும் ஜூடி வாஜ்க்மனும் 2000ல் வெளியிட்ட கட்டுரை இந்த மயக்கத்தைத்தான் உடைத்தது. வளர்ந்த நாடுகளின் நேரக் குறிப்பேடுகளைப் பிரித்துப் பார்த்ததில், ஆண் பெண் இருவரின் மொத்த ஓய்வு நேரம் நெருக்கமாகவே இருந்தது. ஆனால் பெண்ணின் ஓய்வு அடிக்கடி அறுபட்டது. அதற்குள் வேறு வேலை கலந்திருந்தது. சின்னாளப்பட்டிச் சேலை முழுதாக ஒன்றும், அதே நீளத்துக்குக் கட் பீஸ் பதினைந்தும் முழக்கோலில் சமம்தான். கட்டிக்கொள்ள முடிவது ஒன்றைத்தான்.

திண்டுக்கல்லில் மாலை ஏழு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆணின் ஒரு மணி நேரத்தை யாரும் வெட்டுவதில்லை. அதே நேரத்தில் சீரியல் பார்க்கும் பெண்ணின் மடியில் உரிக்க வேண்டிய சின்ன வெங்காயம் இருக்கும். நத்தம் பக்கம் என்றால் கொட்டை எடுக்க வேண்டிய புளி, கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு. நடுவில் பிள்ளையின் வீட்டுப்பாடம், குக்கரின் விசில், மாமியாரின் மாத்திரை. அரைமணிக்கு ஒரு கட்டமாக நாளைப் பிரித்து, அந்தக் கட்டத்தின் முக்கிய வேலை என்ன என்று கேட்கும் படிவத்தில், பத்து நிமிடமாவது நீடித்த மற்ற வேலைகளையும் எழுத இடம் இருக்கிறது. ஆனால் அவளே ‘டிவி பார்த்தேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டால் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும். பெரும்பாலும் அப்படித்தான் சொல்வாள். வெங்காயம் உரிப்பதை வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1930ல் ஒரு கணிப்பு சொன்னார்: நூறாண்டில், அதாவது 2030 வாக்கில், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதும், மிச்ச நேரத்தை என்ன செய்வது என்பதே மனிதனின் கவலையாக இருக்கும். 2024ல் இந்தியாவில் வருமானத்துக்கான வேலையில் ஈடுபட்ட ஆண் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 473 நிமிடம், பெண் 341 நிமிடம். இரண்டே நாளில் கெய்ன்ஸின் வாரம் முடிந்துவிடுகிறது, பெண்ணுக்கு மூன்றாம் நாள் காலையில். அவருடைய கணக்கில் அடுப்பங்கரை சேர்ந்தே இருக்கவில்லை.

அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் படிவத்தோடு ஒருவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம். ஆறு வயது நிரம்பிய ஒவ்வொருவரையும் பற்றி அவர் கேட்பார். அப்போது வீட்டுப் பெண்களுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள், அந்த அரைமணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் சொல்பவர் நீங்களே என்றால், ‘சும்மாதான் இருந்தேன்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, அப்போது கையில் என்ன இருந்தது, அடுப்பில் என்ன கொதித்தது, யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.